லேஅவுட் அப்ரூவ்டுதான் சார், ரோடு எங்க?

கேட்டவர் விஷயம் சுருக்கமா இதுதான்: பெங்களூருக்கு தெக்கால ஆனேக்கல் தாண்டி ஒரு லேஅவுட்ல 30க்கு 40 அடி சைட் (மனை) பாத்து வெச்சிருக்காரு, பிளானிங் அதாரிட்டி அப்ரூவல் இருக்கு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கு, ஆனா நேர்ல போனா செம்மண் ரோடும் நாலு மூலைக்கல்லும்தான், "ஆறு மாசத்துல தார் ரோடு, யூ.ஜி.டி (பாதாள சாக்கடை), லைட்டு எல்லாம் வந்துரும் சார்"ங்கறாங்க. சட்டப்படி டெவலப்பர் என்னென்ன செஞ்சு குடுக்கணும், செய்யலன்னா யார புடிக்கறது, அதுக்கு மேல சதுர அடிக்கு 50 ரூபா மெயின்டனன்ஸ் கேக்கறாங்களே அது நியாயமா. நான் பெங்களூர் தெக்கு பக்கம் லேஅவுட்டுங்கள்ல ரோடு, டிரெய்ன், பைப் போடற வேலையில ரொம்ப வருஷமா இருக்கறவன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும்.

மொதல்ல அந்த "அப்ரூவ்ட்"ங்கற வார்த்தைய வெச்சு நிம்மதியா தூங்காதீங்க. தமிழ்நாட்டுல இருந்து வர்ற நம்மாளுங்களுக்கு டி.டி.சி.பி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்ட்னு சொன்னா ரோடும் ஓ.எஸ்.ஆர் (பொது திறந்தவெளி) இடமும் கிஃப்ட் டீட் போட்டு பஞ்சாயத்துக்கு போயாச்சு, இனி பயமில்லன்னு ஒரு பழக்கம். இங்க கர்நாடகால படி கொஞ்சம் வேற. வழக்கமா விவசாய நெலத்த மொதல்ல டி.சி. கன்வெர்ஷன் (வேற உபயோகத்துக்கு மாத்த கலெக்டர் அனுமதி) பண்ணணும், அது லேண்ட் ரெவென்யூ ஆக்ட் 95வது பிரிவு. அதுக்கப்புறம் லேஅவுட் பிளான், அது 1961 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் ஆக்ட் 17வது பிரிவுல வருது, பி.டி.ஏ (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) எல்லைக்குள்ள இருந்தா 1976 பி.டி.ஏ ஆக்ட் 32வது பிரிவும் சேரும், நீங்க சொல்ற ஏரியா பி.எம்.ஆர்.டி.ஏ (பெங்களூர் பெருநகரப் பகுதி வளர்ச்சி ஆணையம்) குடையில இருக்கற ஆனேக்கல் பிளானிங் அதாரிட்டி. பிளான் சாங்ஷன் ஆயிடுச்சுன்னா அதுக்கு அர்த்தம், "இந்த மாதிரி வெட்டிக்கோ, இந்த இந்த வேலைய செஞ்சு முடி"ன்னு பர்மிஷன் குடுத்திருக்காங்க, அவ்ளோதான். செஞ்சு முடிச்சாச்சுன்னு யாரும் இன்னும் கையெழுத்து போடல. அந்த ரெண்டாவது கையெழுத்துலதான் உங்க காசு நிக்குது.

என்னென்ன வேலைன்னு கேட்டா பி.டி.ஏ ஆக்ட் 32 ரொம்ப வெளிப்படையாவே சொல்லிடுது: ரோடு, சைடு டிரெய்ன், கல்வெர்ட், பாதாள சாக்கடை, தண்ணி சப்ளை, லைட்டிங், இதுக்கெல்லாம் ஆகற செலவ அதாரிட்டி டெபாசிட்டா முன்னாடியே கேக்கலாம், அதோட அந்த ரோடு, டிரெய்ன், தண்ணி மெயின், காலி எடம் எல்லாத்தோட ஓனர்ஷிப்பையும் நஷ்ட ஈடு எதுவும் கேக்காம நிரந்தரமா அதாரிட்டிக்கு எழுதிக் குடுக்க டெவலப்பர் ஒத்துக்கணும். பி.டி.ஏ எல்லைக்கு வெளியவும் நடைமுறை கிட்டத்தட்ட இதே சாயல்தான், எழுதிக் குடுக்கற பத்திரத்த இங்க ரெலிங்க்விஷ்மென்ட் டீட்னு சொல்வாங்க, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் ஆகும், கேட்டா காப்பி எடுக்கலாம்.

ரெரா வந்ததுக்கப்புறம் இந்த லிஸ்டு இன்னும் நீண்டுடுச்சு, நெறைய பேர் ரெரா அபார்ட்மென்டுக்குத்தான்னு நெனைக்கறாங்க, இல்ல, 500 சதுர மீட்டருக்கு மேல போற, மனையா பிரிச்சு விக்கற பிளாட்டட் டெவலப்மென்டும் அதுக்குள்ள வரும். 2016 சட்டத்துலயே ரெண்டு டெஃபினிஷன் இருக்கு. ஒண்ணு இன்டர்னல் டெவலப்மென்ட்: ரோடு, ஃபுட்பாத், தண்ணி, சாக்கடை, டிரெய்ன், பார்க், மரம் நடறது, தெரு விளக்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு, குப்பை, தண்ணி சேமிப்பு, தீயணைப்பு வரைக்கும். இன்னொண்ணு எக்ஸ்டர்னல், அதாவது லேஅவுட்டுக்கு வெளிய ஆனா லேஅவுட்டுக்காக செய்ய வேண்டியது, ரோடு இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், சப் ஸ்டேஷன் மாதிரி. கர்நாடகா ரெரா சைட்ல உங்க புராஜெக்ட தேடி தெறந்தீங்கன்னா இந்த ரெண்டு தலைப்புலயும் டெவலப்பர் என்னென்ன இருக்குன்னு சொல்லியிருக்காருன்னு வரும். அத பிரின்ட் எடுத்துக்கிட்டு புரோஷர் பக்கத்துல வெச்சு பாருங்க. புரோஷர்ல ஓவர்ஹெட் டேங்க், எஸ்.டி.பி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்), ஜாக்கிங் டிராக் எல்லாம் இருக்கும், ரெரா பேஜ்ல பாதிக்கு "நோ"ன்னு போட்டிருப்பாங்க. அதே பேஜ்ல புராஜெக்ட் முடியற தேதியும் இருக்கும், "ஆறு மாசம்"னு வாயால சொன்னது அந்த தேதியோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

சரி, சட்டத்துல இவ்ளோ இருக்கு, அப்புறம் ஏன் சர்ஜாபூர் ரோட்லயும் ஜிகணி பக்கமும் பத்து வருஷம் ஆன லேஅவுட்ல கூட இன்னும் செம்மண்ணுன்னு கேப்பீங்க. என் அனுபவத்துல சொல்றேன், டெவலப்பர வேலை செய்ய வைக்கறது சட்டப் புஸ்தகம் இல்ல, அவர் இன்னும் விக்க முடியாம கையில வெச்சிருக்கற சைட்டுங்கதான். இதுக்கு இங்க சைட் ரிலீஸ்னு பேரு. பிளான் பாஸ் ஆனவுடனே மொத்த சைட்டையும் ரிஜிஸ்டர் பண்ணிட முடியாது, வேலை முன்னேற முன்னேற அதாரிட்டி சைட் நம்பர் போட்டு ஆர்டர் குடுக்கும், ரொம்ப காலமா இங்க பேச்சு வழக்குல 40-30-30ன்னு சொல்வாங்க, அதாவது ஒரு கட்ட வேலைக்கு 40 பர்சென்ட், அடுத்ததுக்கு 30, எல்லாம் முடிஞ்சு எல்லா டிபார்ட்மென்டும் ஓகே சொன்னா மிச்சம் 30. இந்த கணக்கு நடுநடுவுல மாத்தப்பட்டிருக்கு, அதனால உங்க லேஅவுட் சாங்ஷன் ஆர்டர்ல என்ன கண்டிஷன் போட்டிருக்காங்களோ அதத்தான் பாக்கணும். ஆனா தத்துவம் ஒண்ணுதான், கையில காசு வாயில தோசை. ஹைதராபாத் பக்கம் இதே வேலைய கொஞ்சம் மனைய அதாரிட்டிக்கு அடமானம் எழுதி வாங்கி செய்றாங்க, அமெரிக்கால பேங்க் கேரண்டி இல்லன்னா பாண்ட் வாங்கிடுவாங்க, டெவலப்பர் ஓடிப் போனா முனிசிபாலிட்டி அந்த காசெடுத்து தானே ரோட்ட போட்டுடும், முடிஞ்சப்புறமும் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு தனியா மெயின்டனன்ஸ் பாண்ட் கூட உண்டு. நம்மகிட்ட பணமா பிடிச்சு வெக்கறது கம்மி, சைட்டா பிடிச்சு வெக்கறதுதான் ஜாஸ்தி, அதனால கடைசி ரிலீஸ் போயிடுச்சுன்னா அதாரிட்டி கையில பிடிமானமே இல்ல.

அதனால நீங்க கேக்க வேண்டிய மொத பேப்பர் அப்ரூவ்ட் பிளான் இல்ல, ரிலீஸ் ஆர்டர். அதுல உங்க சைட் நம்பர் இருக்கா, எத்தன சைட் இன்னும் ரிலீஸ் ஆகாம இருக்கு. நெறைய சைட் பாக்கி இருந்து வேலையும் நடந்துக்கிட்டிருந்தா ஒரு விதத்துல நல்லதுதான், டெவலப்பருக்கு இன்னும் முடிக்கற அவசியம் இருக்கு. எல்லாம் ரிலீஸ் ஆயிடுச்சு, ஆனா ரோடு இன்னும் மண்ணுன்னா, யாரோ ஆபீஸ்ல உக்காந்தே இன்ஸ்பெக்ஷன் முடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், அந்த ரோடு உங்க ஆயுசுக்கு டெவலப்பர் கையால வராது. உங்க சைட் நம்பர் ரிலீஸ் லிஸ்ட்லயே இல்லன்னா அக்ரிமென்ட் தான் போட முடியும், அதுவும் ரெரா 13வது பிரிவுப்படி ரிஜிஸ்டர் பண்ண அக்ரிமென்ட் இல்லாம 10 பர்சென்டுக்கு மேல வாங்கக் கூடாது. "40 பர்சென்ட் குடுத்துடுங்க, லாக் பண்ணிடலாம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

இப்ப வேலைங்கள ஒண்ணொண்ணா பாப்போம், எல்லாத்தையும் ஒரே அளவு விவரிக்க மாட்டேன், எங்க ஏமாத்தறாங்களோ அங்க நின்னு சொல்றேன்.

ரோடு. சின்ன தெருவே 30 அடி இருக்கணும்ங்கறது இங்க பழகின கணக்கு, டேப் எடுத்துட்டு போய் காம்பவுண்ட் கல்லுல இருந்து எதிர் கல்லுக்கு அளங்க, வெறும் தார் அகலத்த அளக்காதீங்க. அகலத்த விட முக்கியம் அடியில என்ன இருக்குன்றது. ஒழுங்கான ரோடுன்னா மண்ண லெவல் பண்ணி தண்ணி விட்டு ரோலர் ஓட்டணும், மேல ஜி.எஸ்.பி (அடித்தள ஜல்லி லேயர்), அதுக்கு மேல வெட் மிக்ஸ் (தண்ணி கலந்து இறுக்கற ஜல்லிக் கலவை), அப்புறம்தான் தார். ரிலீஸ் இன்ஸ்பெக்ஷனுக்காக போடற ரோடு எப்படி இருக்கும்னா, செம்மண்ணுல ஒரு லேயர் ஜல்லி, மேல 20 எம்.எம். கார்ப்பெட், போட்டோவுல பாத்தா ஏர்போர்ட் ரன்வே மாதிரி பளபளன்னு இருக்கும், மொத சிமென்ட் லாரி திரும்பற எடத்துலயே உரிஞ்சு வந்துடும். கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல, ரோடு ஓரத்துல தார் முடியற எடத்துல ஒரு குச்சியால மண்ண தள்ளிப் பாருங்க, ஜல்லி எத்தன கனத்துக்கு போகுதுன்னு பக்கவாட்டுல அடுக்கடுக்கா தெரியும், தெரியாம நேரா செம்மண் வந்துச்சுன்னா புரிஞ்சுக்கோங்க. இன்னொண்ணு, வரிசை. பாதாள சாக்கடை, தண்ணி பைப், கேபிள் போறதுக்கு ரோட்ட குறுக்கா தாண்டற டக்ட், இதெல்லாம் தாருக்கு முன்னாடி. ஒவ்வொரு சைட் முன்னாடியும் ஒரு ஹவுஸ் சேம்பரும் (வீட்டு சாக்கடைய இணைக்கற தொட்டி) ஒரு தண்ணி டேப்பிங்கும் (பைப் இணைப்பு) விட்டு வெச்சிருக்கணும், அது இல்லன்னா ஒவ்வொரு வீடு கட்டும்போதும் ஒவ்வொருத்தரும் ரோட்ட வெட்டுவாங்க, ரெண்டு வருஷத்துல ரோடே இருக்காது, யாரு மேல தப்பு சொல்றதுன்னும் தெரியாது.

அணுகு சாலைய மறந்துடாதீங்க. லேஅவுட்டுக்குள்ள எல்லாம் ஜோரா இருக்கும், மெயின் ரோட்ல இருந்து உள்ள வர்ற வழி பக்கத்து தோட்டக்காரர் நெலத்துல வாய்மொழியா வாங்கினதா இருக்கும். வில்லேஜ் மேப்புலயும் சர்வே ஸ்கெட்ச்லயும் அந்த வழி பொது ரோடா இருக்கா, இல்ல கராப் நெலமான்னு பாக்கணும். கராப்ல ரெண்டு வகை, ஏ கராப் ஓனரோடது, விவசாயத்துக்கு லாயக்கில்லாதது, பி கராப் ரோடு, ஓடை மாதிரி பொது உபயோகத்துக்கு ஒதுக்கினது, அது சர்க்காரோடது. பி கராப் வழியா ரோடு போனா பரவால்ல, பி கராப்ப சைட்டுக்குள்ள சேத்து வித்திருந்தா அது பெரிய வில்லங்கம்.

யூ.ஜி.டி பத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்: "இந்த பைப் எங்க போய் முடியுது?" சைட் மேனேஜர் முகத்த பாருங்க, அங்கயே பதில் கிடைச்சுடும். சிட்டிக்குள்ளன்னா பி.டபிள்யூ.எஸ்.எஸ்.பி (பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம்) லைன்ல சேரும், வெளிய அந்த லைனே கிடையாது, அப்ப ஒரு எஸ்.டி.பி இருந்தே ஆகணும், அதுக்கு பொல்யூஷன் கன்ட்ரோல் போர்டு கன்சென்ட் வேணும். பல எடத்துல மேன்ஹோல் மூடி வரிசையா அழகா இருக்கும், கடைசி மேன்ஹோல்ல இருந்து ஒரு பைப் நேரா ஓடையில தலைய நீட்டிக்கிட்டு இருக்கும். மேன்ஹோல் மூடிய ஒண்ணு ரெண்ட தெறக்கச் சொல்லுங்க, அடியில மண்ணும் சிமென்ட் கட்டியும் கெடந்துச்சுன்னா யாரும் தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணலன்னு அர்த்தம். ஒரு மேன்ஹோல்ல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டு அடுத்ததுல போய் எட்டிப் பாக்கறது எங்காளுங்க எப்பவும் செய்யற வேலைதான், தண்ணி வரலன்னா சரிவு இல்ல, இல்லன்னா நடுவுல பைப் ஒடஞ்சிருக்கு.

எஸ்.டி.பி இருக்குன்னு காட்டினாலும் அதுல ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் முன்னாடி சொல்றதில்ல. 200 வீட்டுக்குன்னு கட்டின பிளான்ட்ல மொத மூணு நாலு வருஷம் 15, 20 வீட்டுக் கழிவுதான் வரும். உள்ள இருக்கற பாக்டீரியாவுக்கு தீனியே பத்தாது, மோட்டாரும் ப்ளோவரும் ஓட்டினா கரன்ட் பில் ஏறும், ஓட்டாம விட்டா நாறும். அதனால நெறைய எடத்துல பூட்டி வெச்சிட்டு டேங்கர் வர வெச்சு உறிஞ்சிட்டு போவாங்க, வீடு நெறைஞ்சதும் தெறந்தா மெஷின் துருப்பிடிச்சு போயிருக்கும். சின்ன சின்ன மாட்யூலா ரெண்டு மூணா பிரிச்சு கட்டியிருந்தா யோசிச்சு செஞ்சிருக்காங்கன்னு நம்பலாம்.

தண்ணிக்கு கொஞ்சம் கணக்கு போடுங்க. பாதாள சாக்கடை இருக்கற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கறது மத்திய அரசு மேனுவல்ல இருக்கற அளவு. 200 சைட், வீட்டுக்கு 5 பேர்னு வெச்சா ஒரு நாளைக்கு 1,35,000 லிட்டர். போர்வெல் கை விட்டா 6,000 லிட்டர் டேங்கர் தெனமும் 22, 23 லோடு. 2024 கோடையில பெங்களூர் எப்படி தவிச்சதுன்னு நீங்களே பாத்திருப்பீங்க, ஜில்லா நிர்வாகம் டேங்கருக்கு ரேட் கட்டி 6,000 லிட்டர் 5 கிலோமீட்டருக்குள்ள 600 ரூபான்னு வெக்க வேண்டி வந்துச்சு. அந்த கவர்மென்ட் ரேட்லயே 22 லோடுன்னா ஒரு நாளைக்கு 13,000 ரூபாக்கு மேல. அதனால "ரெண்டு போர் இருக்கு சார், தண்ணி பிச்சிக்கிட்டு வருது"ன்னு சொன்னா ஏப்ரல்ல எவ்ளோ வருதுன்னு கேளுங்க, ஈல்ட் டெஸ்ட் (போர்ல எவ்ளோ தண்ணி ஊறுதுன்னு அளக்கற சோதனை) ரிப்போர்ட் கேளுங்க. "காவேரி வருது சார்"ங்கற டயலாக்க சுத்தமா தள்ளிடுங்க. 2024 அக்டோபர்ல தொடங்கின காவேரி அஞ்சாவது ஸ்டேஜ் 775 எம்.எல்.டி (நாளைக்கு 77.5 கோடி லிட்டர்), அது 2007ல மாநகராட்சியோட சேத்த 110 கிராமத்துக்காக போட்டது. ஆனேக்கல் தாண்டின லேஅவுட் அந்த கணக்குலயே இல்ல. காவேரி கொண்டு வர்றது டெவலப்பரோட சட்டக் கடமையும் இல்ல, ஆனா தண்ணிக்கு ஒரு ஆதாரமும், டேங்கும், தெருத்தெருவா பைப்பும் அவர்தான் தரணும்.

கரன்ட்டுல ஏமாத்தறது கஷ்டம், ஏன்னா பெஸ்காம் (இங்கத்த மின்சார கம்பெனி) எஸ்டிமேட் இல்லாம லைன் வராது. பொதுவா டெவலப்பரே லைசன்ஸ் கான்ட்ராக்டர வெச்சு வேலைய முடிச்சு, பெஸ்காமுக்கு சூப்பர்விஷன் சார்ஜ் கட்டி, எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட் பாத்ததும் லைன ஒப்படைச்சுடுவாங்க. நீங்க பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், டிரான்ஸ்ஃபார்மர் மொத்த சைட்டுக்கும் போட்ட லோடா இல்ல டெம்பரரி கனெக்ஷனான்னு, தெரு விளக்கு மீட்டர் யார் பேர்லன்னு. டெவலப்பர் பேர்ல இருந்தா, அவர் கடைசி சைட்ட வித்த அடுத்த மாசம் இருட்டுதான். மேல ஹை டென்ஷன் லைன் போச்சுன்னா 66 கே.வி.க்கு 18 மீட்டர், 220 கே.வி.க்கு 35 மீட்டர் காரிடார் விடணும், அந்த எடத்தத்தான் சில பேர் பார்க்குன்னு பச்சை கலர் அடிச்சு காட்டறாங்க.

மழைத்தண்ணி டிரெய்ன பாக்க ஒரே நல்ல நேரம் செப்டம்பர், அக்டோபர்ல சாயங்கால மழை பேஞ்சு முடிச்ச அரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை வெயில்ல பிக்னிக் மாதிரி கூட்டிட்டு போய் காட்டுவாங்க, அப்ப எல்லா லேஅவுட்டும் அழகுதான். லேஅவுட்டோட தாழ்வான மூலைக்கு நடந்து போங்க, டிரெய்ன் அங்க என்ன ஆகுதுன்னு பாருங்க. பாதி எடத்துல காம்பவுண்ட் சுவத்துல ஒரு ஓட்டை போட்டு பக்கத்து ராகி வயல்ல விட்டிருப்பாங்க, அந்த விவசாயி ஒரு நாள் மண்ண போட்டு அடைச்சா, இல்ல அவரும் நெலத்த லேஅவுட் போட்டு வித்தா, தண்ணி மொத்தமும் உங்க தெருவுல நிக்கும். ராஜ கால்வாய் (பெரிய மழைநீர் கால்வாய்) பக்கத்துல இருந்தா பஃபர், அதாவது கட்டடம் கட்டாம விடற தூரம் பாக்கணும், பெங்களூர் 2015 மாஸ்டர் பிளான்ல பிரைமரிக்கு 50 மீட்டர், செகண்டரிக்கு 25, டெர்ஷியரிக்கு 15, ஏரிக்கு 30. பசுமை தீர்ப்பாயம் 2016ல அத கூட்டி ஏரிக்கு 75 மீட்டர் ஆக்குச்சு, சுப்ரீம் கோர்ட் 2019 மார்ச்ல அத ரத்து பண்ணிடுச்சு. 2022 செப்டம்பர் மழையில சர்ஜாபூர் ரோடு பக்கம் கோடிக்கணக்குல குடுத்து வாங்கின வில்லா லேஅவுட்ல கூட டிராக்டர்லயும் போட்லயும் ஆளுங்கள ஏத்திட்டு வந்தாங்க, அங்க இருந்தவங்ககிட்ட அப்ரூவல் பேப்பர் இல்லாமலா இருந்திருக்கும்?

பார்க், சி.ஏ. சைட் (சிவிக் அமெனிட்டி, பொது வசதிக்கு ஒதுக்கற எடம்) விஷயம். பி.டி.ஏ தானே போடற லேஅவுட்ல 15 பர்சென்ட் பார்க்கும் விளையாட்டு மைதானமும், அதுக்கு மேல 10 பர்சென்ட் சிவிக் அமெனிட்டியும் விடணும்னு அதோட சட்டத்துலயே இருக்கு. பிரைவேட் லேஅவுட்டுக்கு அந்தந்த பிளானிங் ஏரியா ரூல்படி பர்சென்ட் மாறும், அப்ரூவ்ட் பிளான் ஷீட்ல ஒரு மூலையில ஏரியா ஸ்டேட்மென்ட்னு டேபிள் இருக்கும், அதுல அப்படியே எழுதியிருக்கும். புரோஷர்ல "கிளப் ஹவுஸ்"னு காட்டற எடம் பிளான்ல சி.ஏ. சைட்டா இருந்தா அது டெவலப்பரோட சொத்தே இல்ல, பின்னாடி அதாரிட்டி அத ஸ்கூலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ குடுக்கலாம். பார்க்க மட்டும் யாரும் தொட முடியாது, 1991ல சுப்ரீம் கோர்ட் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் கேஸ்ல, ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷன்ல பார்க்குக்கு ஒதுக்கின எடத்த நர்சிங் ஹோமுக்கு குடுத்தது செல்லாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அந்த கேஸ போட்டவங்க அங்க குடியிருந்த சாதாரண ஜனங்கதான்.

இதுல இன்னொரு கூத்து, "கேட்டட் கம்யூனிட்டி". ரோட்ட ரெலிங்க்விஷ் பண்ணி எழுதிக் குடுத்தாச்சுன்னா அது பொது ரோடு, வாசல்ல கேட்டும் செக்யூரிட்டியும் வெக்கலாம், ஆனா பின்னாடி கிராமத்துக்காரர் நடந்து போறத தடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கேட்டுக்காகவே சதுர அடிக்கு ஜாஸ்தி குடுக்கறவங்க இத யோசிச்சுக்கணும். அதே நேரம் இதுல உங்களுக்கு லாபமும் இருக்கு, பொது ரோடுன்னா உள்ளாட்சி பாத்துக்கணும்னு கேக்கற உரிமை வருது.

சரி, செய்யலன்னா என்ன பண்றது. சைட் ரிலீஸ் பாக்கி இருக்கற வரைக்கும் பெஸ்ட் வழி பிளானிங் அதாரிட்டிதான். பத்து இருபது பேர் சேந்து, போட்டோவோட, எந்த தெருவுல எந்த வேலை முடியலன்னு லெட்டர் குடுத்து, இந்த வேலை முடியற வரைக்கும் மிச்ச சைட்ட ரிலீஸ் பண்ணாதீங்கன்னு கேளுங்க, அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்கிக்கோங்க. அந்த சீல் போட்ட காப்பி டெவலப்பர் ஆபீசுக்கு போன மறுநாளே ஜே.சி.பி வந்து நின்னத நான் பாத்திருக்கேன். தனி ஆளா போனா கெணத்துல போட்ட கல்லு. ரிலீஸ் எல்லாம் முடிஞ்சிருந்தா ரெரா. 14வது பிரிவு 3வது உட்பிரிவ நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, எல்லாரும் அத பில்டிங் விரிசலுக்குன்னு நெனைக்கறாங்க, அதுல வேலைத் தரத்துலயும் சர்வீசஸ்லயும் வர்ற குறையும் இருக்கு, பொசஷன் குடுத்த தேதியில இருந்து 5 வருஷத்துக்குள்ள சொன்னா 30 நாள்ல காசு வாங்காம சரி பண்ணிக் குடுக்கணும். ரோடு உரிஞ்சதும், டிரெய்ன் அடைச்சதும் அதுல வாதம் பண்ணலாம். பொய்யான விளம்பரத்துக்கு 12, சொன்ன தேதிக்கு தரலன்னா வட்டி, இல்ல விலகிக்கிட்டு பணத்த வட்டியோட திருப்பி வாங்கறதுக்கு 18, புகார் குடுக்கறது 31. இதுக்காகவே புரோஷர், வாட்ஸ்அப் மெசேஜ், விளம்பர பேனர் போட்டோ எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கோங்க, "மெட்ரோ பத்து நிமிஷம்"ங்கறது உட்பட, 2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் பொம்மசந்திரா வரைக்கும் வந்ததுல இருந்து சந்தாபுரா தாண்டின எல்லா லேஅவுட்டும் மெட்ரோ பக்கத்துலதான் இருக்கு, புரோஷர்ல. ஆனா ரெரா ஆர்டர் வாங்கறது பாதி வேலைதான், அத அமல்படுத்தி காசு வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும், அதனாலதான் முன்னாடியே ரிலீஸ் ஆர்டர பாருங்கன்னு அடிச்சு சொல்றேன். பிரைவேட்காரர மட்டும் திட்டவும் முடியல, பி.டி.ஏவோட கெம்பேகவுடா லேஅவுட்லயே சைட் வாங்கினவங்க ரோடு, தண்ணி, கரன்ட் இல்லன்னு ரெராவுக்கு போக வேண்டி வந்துச்சு.

கடைசியா அந்த 50 ரூபா. சட்டம் இத தடுக்கல, 11வது பிரிவுல சங்கம் எடுத்துக்கற வரைக்கும் அத்தியாவசிய சேவைகள டெவலப்பர் நியாயமான கட்டணத்துல பராமரிக்கணும்னு இருக்கு, 19வது பிரிவுல நீங்க உங்க பங்க கட்டணும்னும் இருக்கு. ஆனா 1,200 சதுர அடிக்கு 50 ரூபான்னா 60,000, 200 சைட்டுக்கு 1 கோடியே 20 லட்சம், அத ஒரே அடியா முன்பணமா, எந்த கணக்கும் காட்டாம, டெவலப்பரோட கம்பெனி அக்கவுண்ட்ல வாங்கறதுதான் எடக்கு. இன்னும் போடாத ரோட்டுக்கு என்ன மெயின்டனன்ஸ்? அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க: எந்த தேதியில இருந்து சார்ஜ் ஆரம்பிக்குது, வேலை முடிஞ்சு ஒப்படைச்சதுக்கப்புறமா, பணம் தனி அக்கவுண்ட்ல இருக்குமா, வருஷா வருஷம் கணக்கு குடுப்பாங்களா, சங்கம் வந்ததும் பாக்கி பணம் சங்கத்து பேருக்கு மாறுமா. பாதி சைட்டுக்கு மேல புக் ஆன மூணு மாசத்துக்குள்ள சங்கம் அமைய டெவலப்பர் வழி செய்யணும்னும் அதே 11ல இருக்கு, அதனால மத்த சைட் வாங்கினவங்க நம்பர இப்பவே வாங்கி ஒரு குரூப் போட்டுடுங்க, பத்திரத்துக்கு போற அன்னிக்கு ஆபீஸ் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கறவங்ககிட்ட கேட்டாலே பாதி பேர் கிடைச்சுடுவாங்க.